கப்பல் பூனையைக் கொன்ற கை

என் பஸ்ஸில் யார் ஃபோனில் சத்தமாக வீடியோ போட்டாலும் நான் சும்மா விடமாட்டேன். புத்தூர்–திருப்பதி ரூட்டில் கண்டக்டர் ஸ்வர்ணலதா ஏறினால் காலேஜ் பசங்கள் தாமாகவே காதில் ஒயரை மாட்டிக்கொள்வார்கள். ஆனால் ஒரே ஒரு குரல் கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்படிக்குப் போய்விடுவேன். அது எங்கள் ஊர்க் கோவர்த்தனனின் குரல்.

எழுபத்தொன்றாம் வருஷத்து யுத்தத்தில் கடற்படைக் கப்பலில் இருந்தவன் அவன். இப்போது எழுபத்தைந்து தாண்டிய கிழவன். திருப்பதியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பேரன் பவன்குமார் அவனை யூடியூபில் ஏற்றிவிட்டான், ‘நேவி தாத்தா’ என்று. டெய்லரிடம் தைத்து வாங்கிய வெள்ளை யூனிஃபார்ம், மடியில் ஒரு பஞ்சுப் பூனை பொம்மை. கப்பல் பூனைக் கதைகள்தான் அவன் சரக்கு. வெள்ளைக்காரன் கப்பலில் ஒரு பூனை இருந்ததாம், அது ஏறிய கப்பலெல்லாம் முழுகியும் அது மட்டும் சாகவே இல்லையாம். இன்னொரு கப்பலில் புறப்படும் முன்னாடியே பூனை குதித்து ஓடிப்போனதாம், அந்தக் கப்பல் திரும்பி வரவில்லையாம். பூனை வாலை விறைத்தால் புயலாம். ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும், எனக்கென்ன. அதெல்லாம் யாரோ யாருக்கோ சொன்ன கதை.

கடைசியில் சொந்தக் கதை ஒன்று சொல்வான் பாருங்கள், அங்கேதான் எனக்கு எரியும்.

“எங்க கப்பல்ல ராணின்னு ஒரு பூனை இருந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் அது வலது பக்கத்துக் கம்பிகிட்ட ஓடிப்போயி கத்துது. திரும்பி வந்து என் பேண்ட்டப் புடிச்சு இஸ்துக்கினு மறுபடியும் அங்கயே போவுது. இன்னாடா இதுன்னு எட்டிப் பாத்தா, தண்ணிக்குள்ள கோடு கிழிச்ச மாதிரி டார்பிடோ குண்டு வந்துகினு கீது. நான் கத்தினேன், கேப்டன் கப்பலத் திருப்பினாரு, எல்லாரும் பொழைச்சோம். அந்த ராணிய மறுநாளே ஒரு சமையல்காரன் அடிச்சுக் கொன்னுட்டான். ஒரு துண்டு மீனத் துன்னுடுச்சுன்னு. அவன் பேர நான் சொல்ல மாட்டேன். அவன் நம்ம ஊர்க்காரன்.”

பேர் சொல்ல மாட்டானாம். அங்கேதான் இருக்கிறது அவன் சாமர்த்தியம். கார்வேட்டிநகரத்துக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து கடற்படைக்குப் போனவர்கள் இரண்டே பேர். ஒருவன் கோவர்த்தனன். இன்னொருவர் அதே கப்பலில் சமையல் செய்த வீராசாமி. அவர் என் நைனா, என்னைப் பெற்றவர்.

நைனா பூனையைக் கொல்லவில்லை. டார்பிடோவும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. நடந்தது வேறு. யுத்த சமயத்தில் பொழுது சாய்ந்தால் கப்பலில் ஒரு விளக்கும் எரியக்கூடாது. கோவர்த்தனன் மேல்தளத்தில் கையில் இரும்புத் தடியோடு காவல் நின்றிருந்தான். நீர்மூழ்கி வருகிறது, வருகிறது என்று எல்லாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த நேரம். அந்த மங்கலில் ராணி எங்கிருந்தோ அவன் தோள்மேல் குதித்தது. பயந்த பயத்தில் ஓங்கி அடித்துவிட்டான். காய்கறிக் கழிவைக் கடலில் கொட்ட வாளியோடு மேலே வந்த நைனா அதைக் கண்ணால் பார்த்தார். வாளியை வைத்துவிட்டு, உயிர் இருக்கிறதா என்று பூனையைத் தூக்கினார். அவர் கை முழுக்க ரத்தம். அந்த நேரம் பார்த்து மற்ற மாலுமிகள் ஓடிவந்தார்கள். ‘குக் கொன்னுட்டான்’ என்று முதலில் கத்தியவன் கோவர்த்தனன்தான்.

மாலுமிகளுக்குப் பூனை என்றால் கப்பலின் உயிர். அதைக் கொன்றவன் கையால் சாப்பிட்டால் கப்பலோடு முழுகிவிடுவோம் என்று நம்பினார்கள். அதிகாரிகள் சிரித்தார்கள். ஆனால் நைனா போட்ட சோற்றை மாலுமி எவனும் தொடவில்லை, டப்பா பிஸ்கட்டை உடைத்துத் தின்றார்கள். சமையல்காரனுக்கு அதைவிட என்ன தண்டனை வேண்டும்? யுத்தம் முடிந்து, வேலையை விட ஒரு வழி கிடைத்ததும் நைனா ஊருக்கு வந்துவிட்டார்.

ஊரில் அந்தக் கதை அவருக்கு முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தது. லீவில் வந்த கோவர்த்தனன் கொண்டுவந்தது. எங்கள் பக்கத்தில் பூனையைக் கொன்ற பாவம் சாமானியப் பாவமா? தங்கத்தில் பூனை செய்து கோயிலுக்குக் கொடுத்தால்தான் தீரும் என்பார்கள். அதுவரைக்கும் அந்தக் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கமாட்டார்கள். நைனா ஆரம்பத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார், நான் கொல்லவில்லை என்று. தங்கம் வாங்க வக்கில்லாமல் சொல்கிறான் என்றார்கள். அப்புறம் அவர் சொல்வதை விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வெளியூர் விருந்தாளி வந்தால் நைனா சமைப்பார், என் அம்மா ‘நான்தான் செஞ்சேன்’ என்று பொய் சொல்லிப் பரிமாறுவாள். சாப்பிட்டவர்கள் அம்மாவைப் புகழ்வார்கள். நைனா மாட்டுக் கொட்டகையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். என் கல்யாணத்துக்கு நகரியிலிருந்து ஆள் வைத்துச் சமைத்தோம். கரண்டியைத் தொட்டுவிடப் போகிறார் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தரை நைனாவுக்குக் காவல் வைத்தார்கள். நான் மணவறையில் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்தேன். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் நைனாவும்தான். அவர் கைச் சோற்றைத் தின்கிற ஆள் ஊரில் நான் ஒருத்திதான்.

போன வருஷம் யூடியூபைப் பார்த்து ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு ஆசை பிறந்துவிட்டது. ஊர் முகப்பில் கோவர்த்தனனுக்கு சிமெண்டில் சிலையாம். பக்கத்தில் ராணிக்கும் சிலையாம். டிசம்பரில் கடற்படை நாளன்று திறப்பு, மாலை, சன்மானம், எல்லாம். அதுகூடப் போகட்டும். பீடத்தில் பதிக்கக் கருங்கல் பலகை வந்து சச்சிவாலயத்து, அதாவது ஊராட்சி ஆபீஸ் சுவரில் சாய்ந்து நின்றது. டியூட்டி முடிந்து வரும்போது நின்று படித்தேன். பாதி தெலுங்கு, பாதி தமிழ். தமிழில் கடைசி வரி, ‘கப்பலைக் காத்த ராணியைக் கொன்றவனும் இவ்வூர்க்காரனே.’

கல்லில் வெட்டிவிட்டார்கள். நைனா செத்த பிறகும், நான் செத்த பிறகும், எங்கள் ஊரில் பஸ் ஏற வருகிறவன் எல்லாம் அதைப் படிப்பான். வீட்டுக்கு வந்ததும் பையைத் தூக்கி மூலையில் எறிந்தேன்.

“நைனா, அந்தக் கல்ல உடைச்சுட்டு வரட்டா?”

“உடைச்சா அதுக்கும் என் பேருதான் வரும். விடும்மா. நான் இன்னும் எத்தினி மழ பாக்கப் போறேன்.”

“நீ விட்டுட்டுப் போவலாம். என்னால ஆவாது.”

கோவர்த்தனனைப் பற்றி எனக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு தடவை என் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான். வடமாலப்பேட்டை தாண்டி ஒரு பூனை ரோட்டைக் கடந்தது. உடனே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டான். “பூனைன்னா பெரியவருக்கு எவ்ளோ மரியாத பாரு” என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. நான் அவன் கையைப் பார்த்தேன். படிக்கம்பியைப் பிடித்த கை கிடுகிடு என்று ஆடியது. அது மரியாதை இல்லை, பயம். எங்கள் வீட்டில் எந்நேரமும் ரெண்டு பூனை நைனா காலைச் சுற்றிக்கொண்டிருக்கும், அவர் தலைகூடத் தூக்கமாட்டார். கொன்றவனுக்குத்தானே நடுக்கம் வரும்? அந்த நடுக்கத்தைப் பிடித்து இழுத்தால் உண்மை தானாக வெளியே வந்து விழும் என்று எனக்குப் பட்டது.

அடுத்த ஓய்வு நாளில் திருப்பதிக்குப் போய், கோவிந்தராஜசாமி கோயில் பக்கத்து வீதியில் வேண்டுதல் சாமான் விற்கிற கடையில் ஏறினேன். வெள்ளிக் கண், வெள்ளிக் கால், பாம்பு, தேள் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார்கள்.

“பூனை வேணும். தங்க முலாம் போட்டது.”

“பில்லியா?” என்று தெலுங்கில் பூனையைச் சொல்லிக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பில்லி இப்பல்லாம் யாரும் கேக்கறதில்லியே மேடம். சொன்னா செஞ்சு தரோம். யாரு கொன்னாங்க?”

“இன்னும் தெரியல. இத வாங்கிக்கினு போனா தெரிஞ்சுடும்” என்றேன்.

கட்டை விரல் அளவில் பூனை வந்தது. அதை ஒரு தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு கோவர்த்தனன் வீட்டுக்குப் போனேன். அவன் முற்றத்தில் யூனிஃபார்முக்கு பட்டன் தைத்துக்கொண்டிருந்தான். தட்டைப் பார்த்ததும் ஊசி நின்றது.

“மாமா, நைனா மனசு மாறிட்டாரு. பூனையக் கொன்ன பாவத்தத் தீத்துக்கறேன்றாரு. உங்க சிலை தெறக்கற அன்னிக்கே, எல்லார் முன்னாடியும் தங்கப் பூனை குடுக்கலாம்னு கீறோம்.”

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. “நல்லதும்மா. இப்பவாச்சும் புத்தி வந்துச்சே வீராசாமிக்கு. நான் ஒரு வாட்டியாச்சும் அவன் பேர வெளிய சொல்லியிருப்பேனா, நீயே சொல்லு.”

உன் வாயில் மண்ணைப் போட, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு சிரித்தேன். “ஒரே ஒரு விஷயம் மாமா. இதுக்கு சாட்சி வேணுமாம். கொன்னதக் கண்ணால பாத்தவங்க பூனை மேல கைய வெச்சு, இன்னார்தான் கொன்னாருன்னு பேர் சொல்லணுமாம். பாத்தது நீங்கதானே.”

“சொல்லிட்டாப் போச்சு.”

“சாட்சி பொய்யாப் போச்சுன்னாதான் சிக்கலாம். பாவம் மொத்தமும் சாட்சி சொன்னவங்க வம்சத்துக்கே வந்துடுமாம். வயித்துல கீற புள்ளையக்கூட விடாதாம். நமக்கு இன்னா மாமா, நீங்கதான் கண்ணால பாத்தீங்களே.”

பவன்குமார் பெண்டாட்டிக்கு அப்போது ஐந்தாவது மாசம். எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் சொன்னேன். கிழவன் முகத்தில் ஈயாடவில்லை.

“இத யாரும்மா சொன்னாங்க?”

“திருப்பதியில ஒரு பெரியவர் சொன்னாரு மாமா.” வெற்றிலையை அவன் பக்கம் தள்ளி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது நைனா அரிசி களைவதை நிறுத்தினார். “எந்த புக்குலடி கீது இந்த சாஸ்திரம்?”

“அவன் பூனை டார்பிடோ பாத்துச்சே, அதே புக்குல.”

நைனா சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நான் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. அப்புறம் சொன்னார், “அவன் ஒத்துக்க மாட்டான்டி. வேற எதாச்சும் வம்பு வரும்.”

திறப்பு நாளில் ஊரே திரண்டிருந்தது. ஷாமியானா, மைக், தெலுங்கிலும் தமிழிலும் பாட்டு. நைனா கடைசி வரிசையில் உட்கார்ந்தார், அவர் பக்கத்து நாற்காலிகள் காலியாகவே இருந்தன. மேடையில் கோவர்த்தனன் மாலைக்குள் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். பேச்செல்லாம் முடிந்ததும் நான் தட்டோடு மேடை ஏறினேன். வீராசாமி பெண் தங்கப் பூனை கொடுக்கிறாளாம் என்று கூட்டத்தில் சலசலப்பு. மைக்கை வாங்கி, “சாட்சிக்கு கோவர்த்தன மாமா பூனை மேல கைய வெச்சு, கொன்னவர் பேர சொல்லணும்” என்றேன்.

அவன் எழுந்தான். கை பூனை வரைக்கும் வந்தது, சுட்டுவிட்ட மாதிரி பின்னால் போனது. மறுபடியும் வந்தது.

“நான்தான் கொன்னேன்” என்றான். மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. “கம்பியால அடிச்சேன். வீராசாமி கொல்லல. பழிய நான்தான் அவன் மேல போட்டேன். டார்பிடோ எதுவும் வரல. ராணி ஒண்ணும் பாக்கல.”

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். நைனா எழுந்து நின்றுவிட்டிருந்தார். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பவன்குமார் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினான். “சூசாரா, எந்த பெத்த மனசு!” என்று தெலுங்கில் ஆரம்பித்து, தமிழுக்கு வந்தான். “எவ்ளோ பெரிய மனசு பாருங்க. தன்னோட ஊர்க்காரர் ஒருத்தர் தல குனிஞ்சு நிக்கக் கூடாதுன்னு, எங்க தாத்தா அந்தப் பழியத் தன் தலையில ஏத்துக்கறாரு. இந்தக் காலத்துல யாருக்கு வரும் இது?”

கை தட்டினார்கள். எப்படித் தட்டினார்கள் தெரியுமா? பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கோவர்த்தனன், “இல்லப்பா, நெசமாத்தான் சொல்றேன்” என்று தலையை ஆட்ட ஆட்ட, அடக்கத்தைப் பாரு என்று இன்னும் ஓங்கித் தட்டினார்கள். துணியை இழுத்துச் சிலையைத் திறந்தார்கள், அந்தக் கடைசி வரியோடு. நான் தங்கப் பூனையை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கீழே ஒருத்தன் நைனாவிடம், “இனியாச்சும் அவரு கால்ல விழுந்து கும்புடு வீராசாமி” என்றான். அவனை அறைய வேண்டும் போல இருந்தது. நைனா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அப்புறம் பஸ்ஸில் தினமும் அந்த வீடியோதான். ‘தியாகத் தாத்தா’ என்று தலைப்பு. பார்த்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். நான் டிக்கெட் மிஷினை அழுத்துகிற அழுத்தில் அது உடையாமல் இருந்ததே பெரிசு. அவனைத் தள்ளிவிடப் போய் இன்னும் ஒரு படி மேலே ஏற்றிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். நைனா வழக்கம்போல எனக்குச் சோறு போட்டார். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

ஒரு நாள் சாயங்காலம் கோவர்த்தனன் எங்கள் வாசலில் வந்து நின்றான். யூனிஃபார்ம் இல்லை, லுங்கி, கசங்கிய சட்டை. ஆளே பாதியாகிவிட்டிருந்தான்.

“ஸ்வர்ணா, வீடு வீடாப் போயி சொல்லிட்டேம்மா, நான்தான் கொன்னேன்னு. எவனும் நம்பல. உக்கார வெச்சு காப்பி குடுத்து அனுப்பறானுங்க. மனசு சரியில்லன்னு பேரன் என்னை டாக்டர்கிட்ட இஸ்துக்கினு போறான்.”

“நைனாவும் ஒரு காலத்துல வீடு வீடாத்தான் போனாரு மாமா. அவருக்கு யாரும் காப்பிகூடக் குடுக்கல.”

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். “நான் மைக்குல சொல்லிட்டேன் இல்ல? பாவம் கழிஞ்சுடுச்சா?”

“சொன்னா ஆச்சா? கேட்டவங்க நம்பினாத்தான் சாட்சி. நம்பலன்னா சொல்லாத கணக்குதான்.” அதையும் அந்த நிமிஷமே அடித்துவிட்டேன். எனக்கு நாக்குக் கூசவில்லை.

“பேரனுக்குக் கொழந்த பொறக்கப் போவுதும்மா. நான் இன்னா பண்ணா நம்புவாங்க? நீ சொல்லு, அதப் பண்றேன்.”

வாசலுக்கு வெளியே பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு எதிரே பால் சென்டர். சாயங்காலம் ஆனால் ஊரில் மாடு வைத்திருக்கிற எல்லா வீட்டு ஆளும் கேனோடு அங்கே வரிசையில் நிற்பார்கள். அங்கே நிற்கிற ஒருத்தரும் எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பளிச்சென்று பட்டது. இவன் வாயால் எது சொன்னாலும் தியாகம் என்பார்கள். பூனைப் பாவத்துக்கு இவன் எப்படி நடுங்குவான் என்று ஊருக்கே தெரியும். வீராசாமி பூனையைக் கொன்றவனாக இருந்தால், இவன் செத்தாலும் அந்தக் கைச் சோற்றைத் தொடமாட்டான். தொட்டுவிட்டால், அந்தக் கை கொல்லாத கை.

“நைனா கையால துன்னுங்க” என்றேன். “உள்ள இல்ல. இங்க, வாசல்ல உக்காந்து, எதிர்ல ஊரே பாக்கறப்ப துன்னுங்க.”

அவன் பால் சென்டரைத் திரும்பிப் பார்த்தான். ஊரில் மேடையில் உட்கார்ந்து பழகியவனுக்கு, கீழே வாசலில் உட்கார்ந்து, இத்தனை காலம் தானே விலக்கி வைத்தவன் போடுகிற சோற்றைத் தின்பது லேசா? முகம் செத்துப்போனது. எனக்கு அது இனித்தது, பொய் சொல்லவில்லை.

“அப்புறம் அந்தக் கல்லுல கடைசி வரி” என்றேன்.

“நாளைக்கே மேஸ்திரியக் கூட்டியாந்து செதுக்கிடறேன்.”

உள்ளே நைனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். போய் அடுப்பைப் பற்ற வைத்தார். கத்தரிக்காய் போட்டு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. வாசனை வீதி வரைக்கும் போனது. நான் வாசலில் தண்ணீர் தெளித்து இலை போட்டேன். கோவர்த்தனன் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். நைனா சோற்றுக் குண்டானோடு வெளியே வந்தார். வெளியே, வீதியில், எல்லார் கண் முன்னாடியும், கையில் கரண்டியோடு அவர் நின்று நான் அதுவரை பார்த்ததில்லை.

எதிரே வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். கோவர்த்தனன் முதல் வாயை எடுத்து வைத்தான். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடி மீசையில் இறங்கியது. நைனா குனிந்து கேட்டார்.

“உப்பு சரியா கீதா?”

“கீதுப்பா” என்றான்.

பால் அளக்கும் சந்திரம்மா அளவுச் செம்பைக் கையில் பிடித்தபடியே வீதியைக் கடந்து வந்தாள். வயசில் மூத்தவள், ஊரில் எல்லாருக்கும் அத்தை முறை, வாய் கொஞ்சம் நீளம். “அண்ணே, இன்னா பண்ணிக்கினு கீற? யார் கைச் சோறுன்னு தெரிஞ்சுதான் துன்றியா?”

கோவர்த்தனன் சோறு ஒட்டிய தன் கையைத் தூக்கிக் காட்டினான். “கொன்ன கை இது. அவன் கை இல்ல. எத்தினி வாட்டி சொல்றது உங்களுக்கு?”

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. சந்திரம்மா அந்தக் கையைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள், நைனாவை நிமிர்ந்து பார்க்க முடியாமல் திரும்பிப் போய்விட்டாள். அளந்த பாலையே மறுபடியும் அளந்தாள் என்று அப்புறம் சொன்னார்கள்.

மறுநாள் மேஸ்திரி வந்து கல்லில் அந்த வரியைக் கொத்தி எடுத்தான். சாயங்காலம் கோவர்த்தனன் மறுபடியும் வந்து இலை முன்னால் உட்கார்ந்தான், நான் வரச் சொல்லியிருந்தேன். பவன்குமார் காரில் வந்து, “தாத்தா, மானம் போவுது, எழுந்திரு” என்று கையைப் பிடித்தான். “உனக்குத் தெரியாதுடா, உன் கொழந்தைக்காகத்தான்” என்று கிழவன் கையை உதறிவிட்டான். பேரன் என்னை முறைத்தான். நான் அவனைவிட நன்றாக முறைத்தேன். அந்த வாரத்திலேயே ‘நேவி தாத்தா’ வீடியோ வருவது நின்றது. பஸ்ஸில் ஜனங்கள் சமையல் வீடியோ பார்க்க ஆரம்பித்தார்கள்.

தினமும் வந்தான். பால் சென்டரில் முதலில் முறைத்துப் பார்த்தவர்கள், பிறகு தங்களுக்குள் பேசினார்கள், பிறகு நைனாவைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டார்கள், இப்போது அருவருப்பில் இல்லை, வெட்கத்தில். ஒரு நாள் பால் வண்டி போன பிறகு சந்திரம்மா வந்தாள். கையில் கேன் மூடி.

“வீராசாமி அண்ணே, கொழம்பு கொஞ்சம் ஊத்து.”

நைனா குழம்புச் சட்டியோடு ஓடி வந்தார். மூடியில் ஊற்றினார், பாதி அவள் கையில் சிந்தியது. அவள் நின்றபடியே நக்கிப் பார்த்தாள். எங்கள் மூன்று பேரையும் பார்க்காமல் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

“கொஞ்சம் சோறும் போடு” என்றாள்.

நைனா போட்டார். போட்டுவிட்டு உள்ளே வந்து, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். வாய்விட்டு அழுதார். கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த அழுகை. நான் அவர் பக்கத்தில் நின்றேன், எனக்கும் அடக்க முடியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார், “போதும்டி. அவன் தள்ளாடிக்கினு வரான், பாக்க சகிக்கல. நீ சொன்னதெல்லாம் பொய்யின்னு சொல்லி அனுப்பிடு. வயித்துப்புள்ளக்காரி இருக்கற வூடு. கெழவன் சரியாத் தூங்கறதுகூட இல்லியாம்.”

நான் வெளியே வந்தேன். கோவர்த்தனன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். சந்திரம்மா சாப்பிடுவதை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். முகத்தில் அப்படி ஒரு ஆசை.

“ஒருத்தி துன்னுட்டா இல்லம்மா? நம்பிட்டாங்க இல்ல? இப்ப கழிஞ்சுடுச்சா?”

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை, பொய் மாமா, வூட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்குங்க என்று. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் பார்வை வீதியில் இருந்த மற்ற வீடுகள் மேல் போனது.

“ஊர்ல இன்னும் எத்தினி வூடு கீது மாமா” என்றேன். “எல்லாரும் வந்து துன்னட்டும். நாளைக்கு நேரத்தோட வந்துடுங்க.”

அவன் தலையை ஆட்டிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வீதியில் நடந்து போனான். கதவருகே நைனா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு இன்னா கொழம்பு நைனா?” என்று கேட்டேன்.